மலை ஏறும் எஞ்சினுக்கு மூச்சு வேண்டும்

பேராதனைத் தாவரவியல் பூங்காவை மகாவலி ஆறு மூன்று புறமும் வளைத்து ஓடுகிறது. 147 ஏக்கர் நிலம். வருகிறவர்கள் ஓர்க்கிட் மண்டபத்தையும் அரசப்பனைச் சாலையையும் பெரும் புல்வெளியில் கிளை விரித்து நிற்கும் ஜாவா அத்தி மரத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இந்தப் பூங்காவுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1944 ஏப்ரலில் நேச நாடுகளின் தளபதி லூயி மவுண்ட்பேட்டன் தமது தலைமையகத்தை டில்லியில் இருந்து கண்டிக்கு மாற்றினார். ஜப்பானுக்கு எதிரான போரின் தென்கிழக்காசியக் கட்டளைப் பீடம், இந்த மரங்களுக்கு இடையே எழுந்த கொட்டகைகளில் இயங்கியது. மவுண்ட்பேட்டன் கண்டி நகரில் தேசாதிபதியின் மாளிகையில் தங்கினார். ஏரிக்கரையில் உள்ள சுவிஸ் ஹோட்டலையும் படையினர் எடுத்துக்கொண்டார்கள். 1945 கடைசியில் தலைமையகம் சிங்கப்பூருக்குப் போகும் வரை, பர்மாப் போரின் பெரிய முடிவுகள் பல இந்த மலை நகரத்தில் எடுக்கப்பட்டன.

அந்தக் கட்டளைகளை ஏற்றுப் பறந்த விமானங்களைப் பற்றித்தான் நான் பல காலமாகப் படித்து வருகிறேன். அவற்றின் துப்பாக்கிகளையும் குண்டுகளையும்விட, எஞ்சினுக்குள் காற்றைத் திணித்த ஒரு சக்கரம் என்னை அதிகம் ஈர்த்தது. சூப்பர்சார்ஜர், டர்போசார்ஜர் என்று இரண்டு பெயரில் அது வந்தது. இரண்டாம் உலகப் போரின் வான்சண்டையில் யார் மேலே, யார் கீழே என்பதைப் பெருமளவு தீர்மானித்தது அந்தச் சக்கரம். அதன் கதையை நூலகத்தில் படிப்பதைவிட, மேடேறும் எஞ்சின்கள் இன்றும் மூச்சு வாங்கும் கண்டி மலைநாட்டில் நடந்தும் ரயிலில் போயும் புரிந்துகொள்வது எளிது என்று எனக்குத் தோன்றியது. அதனால் பயணத்தைப் பேராதனையில் தொடங்கினேன்.

முதலில் காற்றின் கணக்கு. கடல் மட்டத்தில் ஒரு கன மீற்றர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ள கண்டியில் அதே அளவு காற்று 5 வீதம் எடை குறைந்திருக்கும். 1,900 மீற்றரை நெருங்கும் பட்டிப்பொல ரயில் நிலையத்தில் 17 வீதம் குறைவு. விமானம் 6,000 மீற்றருக்கு ஏறினால் காற்று ஏறக்குறையப் பாதியாகிவிடும். 10,000 மீற்றரில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். எஞ்சினுக்குள் பெற்றோலை எவ்வளவும் ஊற்றலாம். அதை எரிக்கக் காற்று வேண்டும். காற்று பாதியானால் வலுவும் அநேகமாகப் பாதியாகிவிடும்.

கொல்லன் உலைக்குத் துருத்தி ஊதுவதைப் போல எஞ்சினுக்கும் ஊத வேண்டும். ஊத இரண்டு வழிகள் உண்டு. எஞ்சினின் சுழல்தண்டில் இருந்தே பற்சக்கரம் போட்டு ஒரு விசிறிச் சக்கரத்தைச் சுழற்றிக் காற்றை அழுத்தி உள்ளே அனுப்புவது முதல் வழி. அது சூப்பர்சார்ஜர். அந்தச் சக்கரத்தைச் சுழற்றும் செலவை எஞ்சினே கொடுக்க வேண்டும். இரண்டாவது வழியில், வீணாக வெளியேறும் சூடான புகையே ஒரு டர்பைனைச் சுழற்றும். அதே தண்டில் கோத்த விசிறி காற்றை அழுத்தும். அது டர்போசார்ஜர். சுவிஸ் பொறியியலாளர் அல்ஃபிரட் பியூக்கி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வீணாகும் சக்தியைப் பயன்படுத்துவதால் இது சிக்கனமானது. ஆனால் செந்தணலாய்க் காயும் புகையின் நடுவில் நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுழலும் உலோகம் இதற்கு வேண்டும். இந்தக் கதையின் முடிச்சு அந்த உலோகத்தில்தான் இருக்கிறது.

டர்போவின் பலனை உலகத்துக்குக் காட்டியதும் ஒரு மலைதான். 1918இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த சான்ஃபர்ட் மாஸ், ஒரு லிபர்ட்டி விமான எஞ்சினை லொறியில் ஏற்றிக் கொலராடோவின் பைக்ஸ் பீக் சிகரத்துக்குக் கொண்டுபோனார். உயரம் 14,109 அடி, அதாவது 4,300 மீற்றர். கீழே ஏறத்தாழ 350 குதிரைவலு கொடுத்த எஞ்சின், உச்சியில் 230 குதிரைவலுதான் கொடுத்தது. டர்போவைப் பூட்டியதும் 356 ஆகியது. விமானத்தில் ஏறாமலே, உயரத்தில் இழந்ததை மீட்க முடியும் என்பது அன்று நிரூபணமாகியது.

இனி இலங்கை வானத்துக்கு வருவோம். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களில் இருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9இல் திருகோணமலையைத் தாக்கின. அவற்றை எதிர்த்துப் பறந்தவை பிரித்தானியாவின் ஹரிக்கேன் சண்டை விமானங்கள். இரத்மலானையில் 30ஆம் படையணி, கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் 258ஆம் படையணி, திருகோணமலையின் சீனக்குடாவில் 261ஆம் படையணி. ஹரிக்கேன் IIபி வகைக்குள் இருந்த ரோல்ஸ் ரொய்ஸ் மெர்லின் 20 எஞ்சினின் சூப்பர்சார்ஜருக்கு இரண்டு வேகங்கள் உண்டு. தாழப் பறக்கும்போது ஒன்று, உயரத்துக்குப் போனதும் மற்றொன்று. எதிரே வந்த ஜப்பானியச் சண்டை விமானமான ஸீரோவின் சகாயே 12 எஞ்சினுக்கு ஒரே வேகம்தான். காகிதத்தில் மெர்லினுக்கே அனுகூலம். ஆனால் கொழும்பில் முன்னெச்சரிக்கை கிடைக்கவில்லை. இரத்மலானையில் ஹரிக்கேன்கள் ஓடுபாதையை விட்டு எழும்பும்போதே தாக்கப்பட்டன. உயரத்துக்கு ஏறும் அவகாசம் கிடைக்காத விமானத்துக்கு உயரத்துக்கான சக்கரம் இருந்தும் பயனில்லை. கருவி எவ்வளவு நல்லதானாலும் அதைப் பயன்படுத்தும் நேரம் கையில் இருக்க வேண்டும் என்பதை அந்த ஞாயிறு சொல்லிக் கொடுத்தது.

1944இல் இலங்கைக்கு வந்த ஸ்பிட்ஃபயர் VIII விமானங்களில் இருந்தது அடுத்த தலைமுறை மெர்லின். ஒரு சக்கரம் அழுத்திய காற்றை இரண்டாவது சக்கரம் மறுபடி அழுத்தும். அழுத்தினால் காற்று சூடாகும், சூடான காற்று விரியும். அதனால் எஞ்சினுக்குள் விடும் முன் இடையில் குளிர்விப்பார்கள். ரோல்ஸ் ரொய்சில் இதை வடிவமைத்த ஸ்டான்லி ஹூக்கர் 1938இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். கணிதம் படித்தவர், எஞ்சின்காரர் அல்லர். காற்று எந்த வளைவில் எவ்வளவு வீணாகிறது என்று கணக்குப் போட்டே அந்தச் சக்கரத்தைத் திருத்தினார். எஞ்சினின் கன அளவைக் கூட்டாமலே, அது வலு இழக்காமல் எட்டும் உயரத்தைக் கூட்டினார்.

நான்கு எஞ்சின் கொண்ட லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் 160ஆம் படையணியின் கீழ் சிகிரியாவில் இருந்தும், பின்னர் யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறை ஓடுபாதையில் இருந்தும் பறந்தன. இன்று நமக்குப் பலாலி என்று தெரிந்த விமான நிலையம்தான் அது. லிபரேட்டரின் ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஜெனரல் எலெக்ட்ரிக் டர்போ ஒன்று உண்டு. கண்ணிவெடிகளையும் எரிபொருளையும் சுமந்து வங்கக் கடலைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டிய விமானத்துக்கு, கிளம்பும்போதே அந்தத் துணை தேவைப்பட்டது.

எல்லாவற்றிலும் பெரியது சீனக்குடாவில் நடந்தது. 1944 ஆகஸ்ட் 10 அன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் சீனக்குடாவில் இருந்து சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நோக்கி எழும்பின. போகவர 6,000 கிலோமீற்றருக்கு மேல். இடையில் இறங்க இடம் கிடையாது. ஒவ்வொரு விமானத்திலும் நான்கு எஞ்சின்கள், எஞ்சினுக்கு இரண்டு டர்போ, ஆக எட்டு. எஞ்சின் ஒவ்வொன்றும் 2,200 குதிரைவலு. அதிகச் சூட்டில் எஞ்சினே தீப்பிடிக்கும் என்ற அச்சம் அந்த விமானிகளுக்கு எப்போதும் இருந்தது. இந்தக் குண்டுவீச்சுப் படை கண்டியின் ஆணைக்கு உட்பட்டதன்று. அது வாஷிங்டனுக்கே பதில் சொன்னது. மவுண்ட்பேட்டனின் தீவில் இருந்து, அவர் கட்டளை இல்லாமல் பறந்தது. அத்தனை தூரமும் அத்தனை எரிபொருளும் செலவழிந்தும் ஆலைக்கு ஏற்பட்ட சேதம் மிகக் குறைவு.

இவ்வளவும் நேச நாடுகளின் பக்கம். ஜேர்மனியின் பக்கத்தை எனக்கு நினைவூட்டியது கண்டி ரயில் நிலையம்.

மேடையில் நின்ற டீசல் எஞ்சின் எம்-6 வகை. 1979 அளவில் மேற்கு ஜேர்மனியின் கசல் நகரத்தில் ஹென்ஷெல் ஆலையில் கட்டி இலங்கைக்கு வந்தவை இவை. மலைநாட்டுப் பாதையில் இந்த வகையைத்தான் அதிகம் காணலாம். உள்ளே இருக்கும் எஞ்சின் அமெரிக்காவின் இ.எம்.டி., 12 சிலிண்டர், 1,650 குதிரைவலு. ஹென்ஷெல் என்ற பெயரைப் பார்த்ததும் நான் அங்கேயே நின்றுவிட்டேன். போர்க்காலத்தில் கசலுக்குப் பக்கத்தில் அல்டன்பௌனாவில் இதே ஹென்ஷெல் குழுமத்தின் ஆலை ஒன்று, டைம்லர் பென்ஸ் உரிமத்தின்கீழ் டிபி 601, டிபி 605 விமான எஞ்சின்களைச் செய்து குவித்தது. மெஸ்ஸர்ஷ்மிட் 109 சண்டை விமானத்தின் நெஞ்சில் இருந்தவை அவை. கட்டாயத் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் வேலை வாங்கிய நிறுவனம் அது என்பதையும் மறைக்கக் கூடாது. அந்தப் பெயரைத் தாங்கிய வண்டிதான் இன்று கண்டியில் இருந்து தேயிலைத் தோட்டத்து மக்களை மேலே இழுத்துச் செல்கிறது.

பொடி மெனிக்கே ரயில் கிளம்பியது. கம்பளை, நாவலப்பிட்டி வரை ஆற்றோரப் பள்ளத்தாக்கு. அதன் பிறகு ஏற்றம். 44 அடிக்கு ஓர் அடி உயரும் பாதை, நெளிந்து நெளிந்து மேலே போகிறது. நாவலப்பிட்டிக்கு 1874இல் வந்த தண்டவாளம் நானுஓயாவை எட்ட 1885 ஆகியது. அந்தப் பதினொரு வருட உழைப்பு எவ்வளவு கடினமானது என்பதை ஒவ்வொரு வளைவும் சொல்கிறது. சன்னலுக்கு வெளியே தலை நீட்டினால், வளைவில் எஞ்சின் முழுதாகத் தெரியும். அதன் ஓசையில் ஓர் இரைச்சல் கலந்திருக்கும். அது எஞ்சினுக்குக் காற்று ஊதும் புளோவரின் ஓசை.

இந்த வகை எஞ்சின் ஈரடி எஞ்சின். நான்கடி எஞ்சினில் பிஸ்டனே ஒரு முறை மேலேறிப் புகையைத் தள்ளி, ஒரு முறை கீழிறங்கிக் காற்றை இழுக்கும். ஈரடி டீசலுக்கு அந்த வசதி கிடையாது. வெளியில் இருந்து காற்று வந்து புகையைத் துடைத்து வெளியேற்ற வேண்டும். புளோவர் நின்றால் எஞ்சினும் நிற்கும். 1860இல் அமெரிக்காவின் இண்டியானாவைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் காப்புரிமை பெற்ற, ஒன்றோடொன்று பின்னிச் சுழலும் இரட்டை உருளைகள்தான் இதன் அடிப்படை. உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்றூதப் பயன்பட்டவை, நூற்றாண்டு கடந்து நாவலப்பிட்டி மேட்டில் உழைக்கின்றன. கொழும்புத் திட்டத்தில் கனடா 1954 முதல் கொடுத்த எம்-2 எஞ்சின்களும் இதே குடும்பம். ஆல்பர்டா, ஒன்டாரியோ என்று கனடாவின் மாகாணப் பெயர்களை அவை தாங்கியிருக்கின்றன.

இதற்கு மாறாக, 1975இல் மொன்றியலில் இருந்து வந்த எம்-4 எஞ்சின்களில் டர்போ உண்டு. கொழும்புக் கோட்டையில் அவை கிளம்புவதைக் கவனித்திருக்கிறேன். ஓட்டுநர் விசையைக் கூட்டியதும் சில கணம் கரும்புகை குபுகுபுவென்று வரும். டீசல் உடனே கூடிவிடுகிறது. டர்போ வேகம் எடுக்கச் சற்று நேரமாகிறது. அதுவரை காற்று போதாமல் டீசல் அரைகுறையாக எரிகிறது. டர்போ எழும்பியதும் புகை மெலிந்துவிடும். பற்சக்கரத்தில் ஓடும் புளோவருக்கு இந்தத் தாமதம் இல்லை, ஆனால் அது எஞ்சினின் வலுவில் பங்கு கேட்கும். விமான எஞ்சின் செய்தவர்களைப் பத்தாண்டுகள் அலைக்கழித்த கேள்வி இதுவே: எந்தச் செலவை ஏற்பது?

ஹட்டனைத் தாண்டிச் சிங்கமலைச் சுரங்கத்தின் இருட்டுக்குள் ரயில் போகும்போது, ஜேர்மானியர்கள் இந்தக் கேள்விக்குச் சொன்ன பதிலை நினைத்துக்கொண்டேன்.

டைம்லர் பென்ஸின் பதில் அழகானது. மெர்லினின் சூப்பர்சார்ஜர் ஒரு கியரில் இருந்து மறு கியருக்குத் தாவும். தாவும் இடத்துக்குச் சற்றுக் கீழேயும் மேலேயும் வலு வீணாகும். டிபி 601இல் எஞ்சினுக்கும் விசிறிக்கும் இடையே ஓர் எண்ணெய் இணைப்பு இருந்தது. வெளிக்காற்றின் அழுத்தத்தை அளக்கும் ஒரு சிறு பேழை, விமானம் உயர உயர அதிக எண்ணெயை உள்ளே விடும். எண்ணெய் கூடினால் வழுக்கல் குறையும், விசிறி வேகம் எடுக்கும். தாவல் இல்லை, விமானி தொட வேண்டிய விசையும் இல்லை. விசிறி எஞ்சினின் பக்கவாட்டில் இருந்ததால், பின்புறத்தில் ஒரு பீரங்கியை வைத்து, உந்துசுழலின் அச்சு வழியாகச் சுடவும் இடம் கிடைத்தது. மெஸ்ஸர்ஷ்மிட் 109இன் மூக்கின் இடப்பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் காற்றுவாய், அந்த விசிறியின் வாய்.

அழகான பதிலுக்குப் பின்னால் வறுமை இருந்தது. காற்றை அதிகம் அழுத்தினால் எரிபொருள் தன் நேரத்துக்கு முன்னே வெடித்து எஞ்சினை உடைக்கும். அதைத் தாங்கும் 100 ஒக்டேன் பெற்றோல் நேச நாடுகளிடம் தாராளமாக இருந்தது. ஜேர்மனி நிலக்கரியில் இருந்து செயற்கையாகப் பெற்றோல் எடுத்துக்கொண்டிருந்தது. அதன் பெரும்பாலான சண்டை விமானங்களுக்குக் கிடைத்தது 87 ஒக்டேன். அதனால் எஞ்சினைப் பெரிதாக்கினார்கள். மெதனோலும் தண்ணீரும் கலந்து உள்ளே தெளித்து எஞ்சினைக் குளிர்வித்தார்கள், அதற்கு எம்.டபிள்யூ. 50 என்று பெயர். மிக உயரத்தில் காற்றோடு சேர்த்து நைட்ரஸ் ஒக்சைட்டையும் ஊட்டினார்கள், அது ஜி.எம். 1. இரண்டும் பலன் கொடுத்தன. இரண்டுக்கும் தனித் தொட்டி வேண்டும், தனிப் பாரம், தொட்டி தீர்ந்ததும் பலனும் தீர்ந்தது.

டர்போவையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. யுங்கர்ஸ் 86பி உளவு விமானம் இரண்டு ஜுமோ 207 டீசல் எஞ்சின்களோடு பறந்தது. ஈரடி டீசல், அதன் மேல் டர்போ. காற்றழுத்தம் காக்கும் அறையில் விமானி அமர்ந்து 12,000 மீற்றருக்கு மேல் போவார். 1940இல் பிரித்தானியாவின் மேல் அது பறந்தபோது எட்டிப்பிடிக்க எதுவும் இல்லை. 1942இல் எகிப்து வானில், தேவையற்ற பாரத்தையெல்லாம் கழற்றிவிட்ட ஸ்பிட்ஃபயர்கள் அந்த உயரத்தை எட்டின. அதோடு அதன் பாதுகாப்பு முடிந்தது.

அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் டர்போவோடு 7,000, 8,000 மீற்றர் உயரத்தில் அணிவகுத்து வரத் தொடங்கியபோது, ஜேர்மனிக்கு உயரத்தில் வலுவிழக்காத எஞ்சின் அவசரமாகத் தேவைப்பட்டது. ஃபொக்கவுல்ஃப் 190இன் ஒரு வகையில் வயிற்றுக்குக் கீழே பெரிய டர்போவைத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். கங்காரு என்று அதற்குப் பட்டப்பெயர். சரிப்படாமல் கைவிட்டார்கள். பி.எம்.டபிள்யூ. 801 எஞ்சினின் டர்போ வகையை யுங்கர்ஸ் 388இல் பொருத்தினார்கள். களத்துக்கு வந்தவை சொற்பம்.

அறிவு குறைந்ததால் இப்படி ஆகவில்லை. செந்தணல் புகையைத் தாங்கும் டர்பைன் இதழுக்கு நிக்கல், குரோமியம், கோபால்ட் வேண்டும். அமெரிக்காவுக்குப் பக்கத்திலேயே கனடாவின் நிக்கல் இருந்தது. பல் கட்டும் வைத்தியர்களுக்காக உருவான வைட்டாலியம் என்ற கோபால்ட் கலப்பு உலோகத்தை அமெரிக்கர்கள் டர்போவின் இதழ்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஜேர்மனியின் நிக்கல் பின்லாந்தின் பெட்சாமோச் சுரங்கத்தையே பெரிதும் நம்பியிருந்தது. 1944 இலையுதிர்காலத்தில் அதுவும் போயிற்று. அவர்கள் செய்தது, மட்டமான உருக்கில் இதழ்களை உட்குடைவாகச் செய்து, உள்ளே குளிர்ந்த காற்றை ஓடவிட்டது. இல்லாமையில் பிறந்த யோசனை அது. இன்று ஜெட் விமானங்களின் டர்பைன் இதழ்கள் உட்குடைவாக, காற்றால் குளிர்ந்து இயங்குவதும் அதே தத்துவத்தில்தான். யோசனை வென்றது; அதை வைத்திருந்தவர்கள் தோற்றார்கள். பிற நாடுகளைச் சூறையாடி, அடிமை உழைப்பில் நடந்த ஓர் ஆட்சிக்கு அந்தத் தோல்வி நேர்ந்தது உலகத்துக்கு நல்லதே.

நானுஓயாவில் குளிர் உறைத்தது. பட்டிப்பொல வரை போய்ப் பார்த்தேன். காற்று 17 வீதம் மெலிந்த உயரம். மனிதர்களுக்குப் படிக்கட்டு ஏறினால் மட்டும் தெரியும் அந்த மெலிவு, எஞ்சினுக்கு ஒவ்வொரு சுழற்சியிலும் தெரியும்.

கண்டிக்குத் திரும்பியதும் கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வழியில் உள்ள ஒரு கராஜில் மெக்கானிக் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். தோட்டத்து லயத்தில் பிறந்து, பதினைந்து வயதில் ஸ்பானர் பிடித்தவர். ஒரு லொறியின் டர்போவைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார். உள்ளங்கையில் அடங்கும் சக்கரம். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றை எட்டக்கூடியது. விரலால் தட்டினால் ஓசையின்றிச் சுற்றியது.

“ஐயா, மேட்டுல ஏறி வந்த உடனே எஞ்சின ஓஃப் பண்ணக்கூடாது. கொஞ்ச நேரம் சும்மா ஓட விடணும்.”

“ஏன் தம்பி?”

“எஞ்சின் நின்னாலும் டர்போ சுத்திக்கிட்டுத்தான் இருக்கும். எஞ்சின் நின்னா ஒயில் வராது. சூட்டோட ஒயில் இல்லாம சுத்துனா ஷாஃப்ட் தேஞ்சிரும், ஒயில் கருகிரும். நெறைய பேரு அவசரத்துல சாவிய திருப்பிட்டு எறங்கிப் போயிர்றாங்க. அப்புறம் டர்போ விசிலடிக்குது, பொகை அடிக்குதுன்னு நம்மகிட்ட வாறாங்க.”

எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் தண்டு, சூடு, உலோகம் என்று போர்க்காலப் பொறியாளர்கள் மல்லாடிய மூன்றையும் அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். தேய்ந்த தண்டை விரலால் ஆட்டிக் காட்டி, எவ்வளவு ஆட்டம் இருக்கலாம், எவ்வளவு இருக்கக்கூடாது என்று சொன்னார். புத்தகத்தில் பக்கம் பக்கமாக நான் படித்தது அவர் விரல்நுனியில் இருந்தது. பியூக்கியின் பெயரையோ டைம்லர் பென்ஸின் எண்ணெய் இணைப்பையோ அவருக்கு யாரும் சொன்னதில்லை. நான் சொன்னேன். வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். “அப்ப இது விமானத்துல இருந்து வந்ததா?” என்றார். கப்பல், ரயில், விமானம் எல்லாவற்றிலும் வளர்ந்து லொறிக்கு வந்தது என்றேன்.

ஹந்தானை மேட்டில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகத்துக்கும் போனேன். 1925இல் கட்டிய பழைய தேயிலை ஆலை அது, 2001இல் அருங்காட்சியகமாகியது. ஆலைகளை ஓட்டிய பழைய எஞ்சின்களும் கொழுந்து உருட்டும் இயந்திரங்களும் அங்கே நிற்கின்றன. தேயிலை ஆலையில் கொழுந்தை வாட்டுவதும் விசிறிதான். நீண்ட தொட்டிகளில் பரப்பிய கொழுந்துக்குக் கீழே இரவு முழுதும் காற்று ஓடும். அந்த விசிறிக்கு அளவு முக்கியம்: நிறையக் காற்று, குறைந்த அழுத்தம். எஞ்சினின் விசிறிக்கு அழுத்தம் முக்கியம். காற்றைக் கையாளும் தொழில் இந்த மலைக்குப் புதிதன்று. கொழுந்து வாடிய பதத்தைக் கையால் அமுக்கிப் பார்த்தே சொல்லும் மூத்தவர்களும், டர்போவின் ஆட்டத்தை விரலால் சொல்லும் அந்த மெக்கானிக்கும் ஒரே மண்ணின் பிள்ளைகள்.

கொழும்புக்கு இறங்கும் வழியில் கடுகண்ணாவையில் இறங்கினேன். கொழும்பில் இருந்து அம்பேபுசை வரை முதல் ரயில் ஓடிய 1864 டிசெம்பர் 27இன் 150ஆவது ஆண்டு நினைவாக, 2014இல் திறந்த ரயில் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. நீராவி வண்டிகளும் டீசல் வண்டிகளும் சமிக்ஞைக் கருவிகளும் பார்க்கக் கிடைக்கின்றன. பிள்ளைகள் ஏறி இறங்கி மகிழ்கிறார்கள்.

இந்தப் பயணத்தில் எனக்கு உறுதியான ஒன்று உண்டு. உயரத்துக்குப் போகும் எஞ்சினுக்கு ஊதும் அந்தச் சக்கரம், போரில் வளர்ந்தாலும் போருக்கு மட்டும் உரியதன்று. குண்டுகளை 8,000 மீற்றருக்குத் தூக்கிய அதே கருவிதான் இன்று குறைந்த டீசலில் நிறைந்த பஸ்ஸைக் கடுகண்ணாவைக் கணவாயில் ஏற்றுகிறது. யோசனை ஒருவரிடம் இருக்கலாம், உலோகம் இன்னொருவரிடம் இருக்கலாம். இரண்டும் சேரும் இடத்தில்தான் தொழில் வளரும். நமது மலைநாட்டில் கை இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, மேடும் இருக்கிறது. அதற்குப் பின்னால் உள்ள அறிவியலையும் வரலாற்றையும் அந்தக் கைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை பாக்கி இருக்கிறது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் அந்தப் பூங்காவுக்கு அருகிலேயே இருக்கிறது. அங்கே படிக்கும் தமிழ், சிங்கள, முஸ்லிம் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இது: பழுதான ஒரு புளோவரையும் ஒரு டர்போவையும் குறுக்கே வெட்டி, காற்று எங்கே நுழைந்து எங்கே அழுந்துகிறது என்று நிறம் தீட்டி, மூன்று மொழியிலும் விளக்கம் எழுதி, கண்டியிலோ கடுகண்ணாவையிலோ மக்கள் பார்வைக்கு வையுங்கள். தோட்டப் பள்ளிகளின் ஆசிரியர்களே, பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். போகும் ரயிலிலேயே, எஞ்சின் ஏன் மேட்டில் மூச்சு வாங்குகிறது என்று கேட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள்.